நீங்கலாக என்னும் ஒரு சொல்

ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையே கடைப்பிடித்தற்கு எளியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். பிறர் வீட்டில் கன்னம் வைத்தவர் நம் குடும்பங்களில் இல்லை. பிறர் பையில் கையிட்டவரும் இல்லை. ஆதலின் கொல்லாமைக்கும் பொருள் வரையறைக்கும் கொடுக்கும் கவனத்தைக் கள்ளாமைக்கு நாம் கொடுப்பதில்லை. அது தானே நிறைவேறிவிட்டதாகக் கருதி அடுத்த விரதத்திற்குச் சென்றுவிடுகின்றோம். ஆனால் பொருளின் வடிவம் மாறுங்கால் களவின் வடிவமும் மாறுகின்றது. கையால் தொட இயலாத பொருள்கள் விலைக்கு விற்கப்படும் இக்காலத்தில் எது நம்முடையது, எது பிறருடையது என்பதே எளிதில் விளங்காத வினாவாகிவிட்டது.

இவ்வினாவை இன்று நம்மிடம் எழுப்புவோர் நம் பிள்ளைகளே. ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்ககங்களிலும், மந்தைவெளி, மயிலாப்பூர் வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகள் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் ஒரு விளையாட்டின் குறுந்தகட்டை விலை கொடுத்து வாங்குகின்றனர். அத்தகட்டினுள் சில பகுதிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. மேலும் பணம் செலுத்தினால்தான் அவை திறக்கும். "தகடு நம்முடையது, அதனுள் இருப்பது மட்டும் எப்படி அவர்களுடையது ஆகும்? நாமே பூட்டைத் திறந்துகொண்டால் அது திருட்டா?" என்று அவர்கள் கேட்கின்றனர். விளையாட்டுதானே என்று இதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. சிறிய பொருளில் எழும் வினாவுக்கு நேரிய விடை கூறாதவர், பெரிய பொருளில் அதே வினா எழும்போது விடை கூறும் தகுதியை இழந்துவிடுவர்.

பூட்டு வந்த வரலாறு

இவ்விளையாட்டுகளை அறியாத பெரியோர்க்காகச் சிறிது விளக்குவோம். இருவர் எதிரெதிரே நின்று மோதும் வகைக்குச் சண்டை விளையாட்டு என்று பெயர். ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இவ்வகையை உலகெங்கும் பரப்பியது. திரையில் வரிசையாகத் தோன்றும் வீரர்களுள் ஒருவரை ஆடுபவர் தேர்ந்துகொள்வார். ஒவ்வொரு வீரருக்கும் தனி நடையும் தனி அடிமுறையும் உண்டு. ஆதலின் வீரர் எத்தனை பேர் உளர் என்பது இவ்விளையாட்டின் மதிப்பை உறுதிசெய்யும் கூறுகளுள் ஒன்று.

வீரர்களை மறைத்து வைக்கும் வழக்கம் புதியதன்று. 1994இல் வெளிவந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அகுமா என்னும் வீரர் தேர்வு வரிசையில் காணப்படமாட்டார். குறிப்பிட்ட முறைமையை அறிந்து இயக்கியவர்க்கே அவர் வெளிப்படுவார். வீட்டுக் கருவிக்கென 1998இல் வந்த டெக்கன் 3 விளையாட்டில், ஒரு வீரரைக் கொண்டு ஆட்டத்தை வென்று முடித்தவர்க்கு மறைந்திருந்த வேறு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிடைத்தனர். அக்காலத்துப் பூட்டுக்குச் சாவி பயிற்சியே. விலை கொடுத்தவர் அனைவர்க்கும் அச்சாவி பொதுவாயிருந்தது.

இணையம் வீட்டிற்குள் வந்தபின் டி.எல்.சி. என்னும் முறை பிறந்தது. விளையாட்டை வாங்கியவர் பின்னர் வேண்டுமாயின் பணம் கொடுத்து, இணையத்தின் வழியே கூடுதல் பகுதிகளை இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் விற்றதைச் செய்து முடித்தபின், புதிதாக உழைத்து உருவாக்கியதைப் புதிதாக விற்பதில் குறை காண்பதற்கில்லை. பூசல் எழுந்தது 2012ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச் மாதம் கேப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன் என்னும் விளையாட்டை வெளியிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக 38 வீரர்கள் அதில் இருந்தனர். ஆனால் தகட்டின் உட்பகுதியை ஆராய்ந்தவர்கள், மேலும் 12 வீரர்கள் முழுமையாக உருவாக்கப்பட்டு அதே தகட்டில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். அப்பன்னிருவரையும் நிறுவனம் அவ்வாண்டு ஜூலை இறுதியில் 20 டாலருக்கு விற்றது. விளையாட்டின் விலையோ அமெரிக்காவில் 60 டாலர். பணம் செலுத்தியவர்க்குப் புதிதாக வந்து சேர்ந்தது வீரர் அல்லர். ஏற்கெனவே வீட்டில் இருந்த வீரரைத் திறக்கும் சாவியே வந்து சேர்ந்தது.

வாங்கியோர் வெகுண்டனர். நிறுவனம் இரண்டு காரணங்களைக் கூறியது. பன்னிருவரை வாங்கியவரும் வாங்காதவரும் தம்முள் மோதி ஆடுவதற்கு இருவர் கருவியிலும் அத்தரவுகள் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பின்னர் இறக்கவேண்டிய அளவு குறையும் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் வணிகக் குறைகளைக் கேட்கும் பெட்டர் பிசினஸ் பீரோ என்னும் அமைப்பிடம் முறையீடு சென்றபோது, தகட்டில் பூட்டி வைத்துப் பின்னர்த் திறப்பதற்கும் பின்னர் முழுவதுமாக இறக்கிக்கொள்ளச் செய்வதற்கும் கொண்டுசேர்க்கும் வழியிலன்றி வேறு வேறுபாடு இல்லை என்று நிறுவனம் விடையிறுத்தது. எதிர்ப்பு ஓயாமையால், இவ்வாறு வழங்கும் முறையை மறு ஆய்வு செய்வதாகவும் அதே ஆண்டில் அறிவித்தது.

மாவினால் செய்த கோழி

இங்கு அன்பர் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். அகிம்சையைப் பேரறமாகக் கொண்ட நாம், ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் விளையாட்டின் பூட்டைப் பற்றி ஏன் பேசவேண்டும்? அவ்விளையாட்டையே விலக்கினால் வினாவும் விலகிவிடுமன்றோ? தடை நியாயமானதே. திரையில் வீழ்பவர் உயிரல்லர், ஒளியால் ஆன உருவமே என்று பிள்ளைகள் கூறுவர். அவர்களுக்கு யசோதர காவியத்தை நினைவூட்டலாம். யசோதர மன்னன் தன் தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கிப் பலியிட்டது உயிர்க்கோழி அன்று. மாவினால் செய்த கோழியே. எனினும் அவ்வினை தாயையும் மகனையும் பல விலங்குப் பிறவிகளில் அலையச் செய்தது. வெட்டுண்டது மாவாயினும், வெட்டிய எண்ணம் மெய்யானது. ஆடும்போது நெஞ்சில் எழுவது வெறும் பயிற்சியின் மகிழ்ச்சியா, பிறரை நோகச் செய்யும் வேட்கையா என்பதைப் பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து ஆராய்தல் வேண்டும்.

ஆனால் அதே காவியம் நம் வினாவுக்கும் விளக்காகின்றது. பூட்டைத் திறப்பவர்கள் வழக்கமாகக் கூறும் நியாயம் யாது? "நாம் எடுத்தது வெறும் எண்களின் கோவை, நாம் எடுத்ததால் அவர்களிடம் எதுவும் குறையவில்லை, யாருக்கு இழப்பு?" என்பதே. மாவுக்கோழியை வெட்டியதாலும் எந்தக் கோழிக்கும் இழப்பில்லை. பிறர்க்கு நேரும் இழப்பை மட்டும் கொண்டு வினையை அளக்கும் வழக்கம் நம் அறநூல்களில் இல்லை. செய்பவனது உள்ளம் எங்கே நின்றது என்பதும் உடன் அளக்கப்படும். ஆகவே ஒளியுருவம் என்பதால் அடியும் பொய்யன்று. ஒளியுருவம் என்பதால் களவும் பொய்யன்று. விளையாட்டை விலக்கிய இல்லத்திற்கும் இவ்வினா உரியதே. இன்று திரைப்படமும் பாடலும் பாடநூலும் கணினி நிரலும் இவ்வாறே பூட்டோடு விற்கப்படுகின்றன.

பத்திரத்தில் உள்ள சொல்

இனி வினாவுக்குள் நுழைவோம். பிள்ளையின் வாதம் வலிமையற்றதன்று. தகட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் சரக்கே என்று நம் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று, டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்திற்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான விற்பனை வரி வழக்கில் தீர்ப்பளித்தது. சரக்கு என்றால் அது விற்கப்படுவது; விற்கப்பட்டால் வாங்கியவர்க்கு உரியது. அவ்வாறாயின் தகட்டினுள் இருப்பவை அனைத்தும் வாங்கியவர்க்கே உரியவை ஆகாவோ?

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டங்களில் நிலம் வாங்கி விற்ற நம் முன்னோர் இதற்கு உடனே விடை கூறியிருப்பர். நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது பத்திரத்தில் சில வேளைகளில் ஒரு சொல் இடம்பெறும்: நீங்கலாக. வரப்பில் நிற்கும் பனைமரங்கள் நீங்கலாக, கிணற்றில் கால் பங்கு நீங்கலாக என்று எழுதுவர். அந்நிலத்தை வாங்கியவர் நாள்தோறும் அப்பனைகளின் நிழலில் நிற்கலாம், வேலியும் அவருடையதே, மண்ணும் அவருடையதே. ஆயினும் அப்பனையின் நுங்கை வெட்டினால் அது களவே. பொருள் எங்கே நிற்கின்றது என்பது உரிமையை உறுதிசெய்வதில்லை. எது கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை என்ற சொல்லே உறுதிசெய்கின்றது.

கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதலே களவு என்று நம் ஆசிரியர்கள் வரையறுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும். பிறர் வீட்டில் உள்ளதை எடுத்தல் என்றோ, மறைவாக எடுத்தல் என்றோ அவர்கள் கூறவில்லை. வழியில் வீழ்ந்து கிடப்பதும், ஒருவர் மறந்து விட்டுச் சென்றதும் நம் காலடியிலேயே கிடந்தாலும் நம்முடையவை ஆகா என்று சமந்தபத்திரர் முதலியோர் விளக்கினர். காலடியில் கிடப்பதற்கே இவ்விதி என்றால், தகட்டினுள் கிடப்பதற்கு வேறு விதி ஏது?

ஒரு நூலை விலைக்கு வாங்கியவர்க்குத் தாளும் அட்டையும் உரியன. அதனை மறுபடி அச்சிட்டு விற்கும் உரிமை உரியதன்று. அதுபோல் தகடு வேறு, அதில் பதிந்த படைப்பின் உரிமை வேறு என்று நம் பதிப்புரிமைச் சட்டமும் பிரித்துக் காண்கின்றது. 1957ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம் 65ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. படைப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை, அவ்வுரிமையை மீறும் எண்ணத்தோடு உடைப்பவர்க்கு 2 ஆண்டுகள் வரை சிறையும், அதனோடு அபராதமும் உண்டு. எண்ணத்தோடு என்று சட்டமும் உள்ளத்தையே சுட்டுதல் கவனிக்கத்தக்கது.

சென்னை கண்ட பூட்டு

இவ்வகைப் பூட்டு எங்கோ வெளிநாட்டில் மட்டும் தோன்றியதன்று. நம் நகரமே நாட்டுக்கு முன்னோடியாக இதனைக் கண்டிருக்கின்றது. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கேபிள் தொலைக்காட்சிக்கு நிபந்தனை அணுகு முறை, அதாவது சி.ஏ.எஸ்., நடைமுறைக்கு வந்தது. இலவச அலைவரிசைகளை முன்போலவே காணலாம். கட்டண அலைவரிசைகளைக் காண்பதற்கு செட் டாப் பாக்ஸ் என்னும் பெட்டி வேண்டும். தில்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் சில பகுதிகளில் இம்முறை 2006ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான் தொடங்கியது.

அந்நாளில் கிரீன்வேஸ் சாலைப் பக்கத்து வீடுகளிலும் ஒரே கம்பி வழியாகவே இலவச அலைவரிசையும் கட்டண அலைவரிசையும் வந்து சேர்ந்தன. சுவருக்குள் ஓடிய கம்பியில் இரண்டும் இருந்தன. ஒன்று திறந்திருந்தது, மற்றொன்று பூட்டியிருந்தது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவதால் அது நமதே என்று எவரும் வாதிடவில்லை. கட்டணம் மிகுதி என்று முறையிட்டோர் உண்டு. பெட்டியின் விலை தாங்கவில்லை என்றோரும் உண்டு. ஆனால் எது இலவசம், எதற்குக் கட்டணம் என்பது முன்னரே கூறப்பட்டிருந்தது. நீங்கலாக என்னும் சொல் அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது.

இன்றைய சண்டை விளையாட்டுகள் பலவும் அந்நிலைக்கே வந்துள்ளன. 2016இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, ஆடி ஈட்டிய விளையாட்டுப் பணத்தைக் கொண்டும் புதிய வீரரைப் பெற வழி செய்தது. பணமும் பயிற்சியுமாக அங்கு இரண்டு சாவிகள் இருந்தன. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, 2024இல் வந்த டெக்கன் 8 ஆகியவை பின்னர் வரும் வீரர்களை அறிவித்து விற்கின்றன. எதிரில் ஆடுபவர் வாங்கிய வீரர் நம் திரையிலும் தோன்ற வேண்டுமாதலின், வாங்காதவர் கருவிக்கும் அத்தரவுகள் வந்து சேர்கின்றன. ஆகவே இன்றும் பூட்டிய பொருள் நம் வீட்டில்தான் இருக்கின்றது. அதன் பொருட்டு 2012இல் எழுந்தது போன்ற சினம் இன்று எழுவதில்லை. கூறிவிட்டுப் பூட்டுவதற்கும் கூறாது பூட்டுவதற்கும் உள்ள தொலைவு இதனால் விளங்கும்.

மாயையும் லோபமும்

இப்போது விற்றவரை நோக்குவோம். 38 வீரர் என்று விலை பேசி 38 வீரரைக் கொடுத்தாரே, அவர்மீது குற்றம் யாது? இதனை நாம் நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். அளவில் அவர் குறைக்கவில்லை. ஒரு வீரரை வரைந்து, அசைவு கொடுத்து, மற்ற வீரரோடு மோதிச் சோதித்து முடிப்பதற்குப் பலர் நெடுநாள் உழைக்கின்றனர். அவ்வுழைப்புக்கு விலை கேட்டதும் குற்றமன்று. கொண்டுசேர்க்கும் வழியே வேறுபாடு என்ற நிறுவனத்தின் விடை, உழைப்பின் கணக்கில் உண்மையே.

ஆனால் வணிகத்தில் அளவு மட்டுமே நேர்மையாகாது, அறிவித்தலும் நேர்மையே. தகட்டை வாங்குபவர் ஒரு விலையை ஒப்புக்கொள்வது தாம் அறிந்தவற்றை வைத்தே. பன்னிருவர் ஏற்கெனவே ஆயத்தமாகி இதே தகட்டில் இருக்கின்றனர், சில மாதம் கழித்து மூன்றில் ஒரு பங்கு விலையை மேலும் கேட்போம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், சிலர் வாங்கியிருப்பர், சிலர் காத்திருந்திருப்பர், சிலர் விலகியிருப்பர். அத்தேர்வே அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு நுகர்வோர்க்கு உறுதிசெய்திருப்பதும் இக்கருத்துப் பற்றியே.

எனவே விற்றவரது குறை களவு என்பதைவிட மாயை என்பதே பொருந்தும். கோபம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மாயை என்பது உள்ளதை மறைத்துக் காட்டும் கரவு. பொய் கூறாமலேயே ஒருவர் மாயையில் விழலாம். கூறவேண்டியதைக் கூறாமை போதும்.

இனி வாங்கியவரை நோக்குவோம். அவர் மறைத்தார், ஆதலின் நான் திறந்தேன் என்பது அவரது நியாயம். முதற்பகுதி உண்மை, ஆதலின் என்ற சொல்தான் பொருந்தவில்லை. விற்றவர் மறைத்தால் வாங்கியவர்க்குக் கிடைக்கும் உரிமைகள் சில உண்டு. பொருளைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். நுகர்வோர் மன்றத்தை அணுகலாம். பலரும் அறியக் கூறலாம். இனி அவரிடம் வாங்காதிருக்கலாம். இவை யாவும் வெளிச்சத்தில் செய்யத்தக்கவை. பூட்டைத் திறந்து பயன்படுத்துதலோ இருட்டில் செய்யப்படுவது. அவ்வேளை உள்ளத்தில் எழுவது நீதி வேண்டும் என்ற வேட்கையா, அந்தப் பன்னிருவர் வேண்டும் என்ற வேட்கையா? நீதியே வேண்டுமெனில், பூட்டைத் திறந்தபின் அவ்வீரரைக் கொண்டு ஆடாமல் இருக்க முடிகின்றதா என்று ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். முடியவில்லையெனில் அது லோபமே. ஒருவரது மாயை மற்றவரது லோபத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது.

கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் நூல்கள் கூறுகின்றன: களவுக்கு வழி காட்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறியை மீறுதல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வழங்குதல், போலியைக் கலந்து விற்றல். படியும் மரக்காலும் வழங்கிய காலத்தில் வகுத்த இவை இன்றைய தகட்டுக்கும் பொருந்துதல் வியப்புக்குரியது. பூட்டைத் திறக்கும் முறையை நண்பர்க்குக் கற்றுக்கொடுத்தல் முதலாவது. திறந்து படியெடுத்த தகட்டை மலிவாக வாங்குதல் இரண்டாவது. பூட்டு பற்றிய சட்டத்தைப் புறக்கணித்தல் மூன்றாவது. போலித் தகடு விற்றல் ஐந்தாவது. நான்காவதன் எழுத்துக்கு விற்றவர் உட்படவில்லை எனினும், அதன் கருத்துக்கு மிக அணுகி நிற்கின்றார்.

கடை மூடிய பின்

இன்னும் கடினமான நிலை ஒன்று உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கென மைக்ரோசாஃப்ட் நடத்திய இணையக் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தம் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் அக்கருவியிலிருந்து புதிதாகச் சாவி வாங்கும் வழி அடைபட்டது. தகடு அலமாரியில் இருக்கின்றது. பூட்டிய பகுதியும் அதில் இருக்கின்றது. பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தாலும் அக்கருவியில் வாங்கிக்கொள்ளும் கை இல்லை. இப்போது பூட்டைத் திறத்தல் களவா?

பனைமரத்தை நீக்கி நிலத்தை விற்றவர் முகவரி கூறாமல் ஊரைவிட்டுச் சென்றார் எனக் கொள்வோம். நுங்கு ஆண்டுதோறும் முற்றி வீழ்கின்றது. விரதத்தை நுணுக்கமாகக் காப்பவர் அதனையும் தொடமாட்டார். வீழ்ந்ததும் கொடுக்கப்பட்டதன்று என்பதால். அவர் வழி உயர்ந்த வழியே. ஆயினும் தொட்டவரை, விலைக்குக் கிடைக்கும்போதே திருடியவரோடு ஒரே தட்டில் நிறுத்துதல் நீதியன்று. பணத்தை மறுக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. பெறுவார் இன்மையே அங்குள்ள குறை. உள்ளத்தைக் கொண்டு வினையை அளக்கும் நாம் இவ்வேறுபாட்டை மறுக்க இயலாது.

இந்நிலையில் பெரும் பொறுப்பு சாவியை வைத்திருப்பவருடையது. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை இர்மா புயல் நெருங்கியபோது, டெஸ்லா நிறுவனம் தன் கார்கள் சிலவற்றின் மின்கலத்தில் மென்பொருளால் பூட்டியிருந்த பகுதியைத் தொலைவிலிருந்தே சில நாட்களுக்குத் திறந்துவிட்டது. கூடுதல் விலை கொடுத்தவர்க்கு மட்டும் உரியதாயிருந்த அத்தொலைவை, உயிர் தப்பி ஓடுவோர் அனைவரும் கட்டணமின்றிப் பெற்றனர். பூட்டியவர் நினைத்தால் ஒரு நொடியில் திறக்க முடியும் என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்குக் காட்டியது. திறக்க முடிந்தவர், விற்பதை நிறுத்தும் நாளிலேனும் திறந்துவிட்டுச் செல்லுதல் கடமையன்றோ? தாமும் விற்காமல், பிறரையும் பயன்கொள்ள விடாமல் பூட்டிய நிலையிலேயே விட்டுச் செல்லுதல் எவர்க்கும் பயனற்ற பற்று. கடையை மூடுபவர் சாவியை வாயிலில் தொங்கவிட்டுச் செல்லட்டும் என்பதே நாம் வைக்கும் வேண்டுகோள்.

நாம் செய்யத்தக்கவை

பிள்ளைகளுக்குக் கூறவேண்டிய விடை இதுவரை கூறியவற்றால் தெளிவாகும். திறக்காதே என்று கூறும்போதே, பூட்டியவர் செய்ததும் முழுமையான நேர்மையன்று என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். விற்பவரது குறையை மறைத்துப் பிள்ளைக்கு மட்டும் அறம் போதித்தால், அறம் என்பது எளியோரை அடக்கும் கருவி என்று பிள்ளை எண்ணிவிடுவான். இரு பக்கமும் கண்டு கூறும் சொல்லுக்கே நம்பகம் உண்டு.

இரண்டாவதாக, வாங்குவதற்கு முன் ஆராயும் பழக்கத்தை இல்லத்தில் ஏற்படுத்த வேண்டும். இவ்விலைக்கு எது கிடைக்கும், எது நீங்கலாக இருக்கும், பின்னர் எவ்வளவு கேட்பர் என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கணக்கிடட்டும். கணக்கு நேர்மையற்றதாகத் தோன்றினால் வாங்காதிருப்போம். 2012இல் ஒரு பெரு நிறுவனத்தை மறு சிந்தனைக்கு உள்ளாக்கியது வெளிப்படையான எதிர்ப்பேயாகும்.

மூன்றாவதாக, பூட்டிய வீரர் என்பது வேட்கையை வளர்க்கும் தந்திரமும் ஆகும். தேர்வுத் திரையில் பெயர் மட்டும் தெரிந்து கைக்கு எட்டாத ஒரு கட்டம், அருகில் உள்ள 38 பேரையும் போதாதவராகக் காட்டிவிடுகின்றது. பொருள் வரையறை என்னும் ஐந்தாம் அணுவிரதம் இங்கே துணை நிற்கும். இவ்வாண்டு விளையாட்டுக்கு இவ்வளவே என்று பிள்ளையே ஒரு வரம்பைக் குறித்துக்கொள்ளட்டும். பெற்றோரின் வங்கி அட்டை எண் கருவியிலேயே பதிந்து கிடக்கும் வீடுகளில் இவ்வரம்பு இன்னும் இன்றியமையாதது. வரம்பு இட்டுக்கொண்டவர்க்குப் பூட்டு துன்பம் தருவதில்லை.

இறுதியாக நம் இளைஞர்க்கு ஒரு சொல். உழவும் ஆசிரியப் பணியும் பெரிதும் செய்துவந்த நம் குடும்பங்களிலிருந்து இன்று பலர் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று நிரல் எழுதுகின்றனர். பூட்டை எதிர்கொள்பவர்களாக மட்டுமன்றிப் பூட்டைச் செய்பவர்களாகவும் நம்மவர் இருக்கின்றனர். எங்கே பூட்டுவது, அதனை வாங்குபவர்க்கு எப்படி அறிவிப்பது என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் அவர்களும் அமர்கின்றனர். அங்கே ஒருவர் எழுந்து, இதனை விலைப்பட்டியலின் முதல் வரியிலேயே எழுதிவிடுவோம் என்று கூறுவாராயின், அது பல்லாயிரம் பேரைச் சினத்திலிருந்தும் களவின் ஈர்ப்பிலிருந்தும் காக்கும். கள்ளாமை விரதம் நம் கையைக் காப்பதோடு அமையாது. பிறர் கை தவறாதவாறு வாணிகம் செய்யவும் அது நம்மைப் பணிக்கின்றது.

நம் முன்னோர் பத்திரம் எழுதும்போது, பின்னாளில் வழக்கு வாராதிருக்கும் பொருட்டு அந்த ஒரு சொல்லை மறவாது எழுதினர். விற்பவராயின் அச்சொல்லை மறைக்காமல் எழுதுவோம். வாங்குபவராயின் எழுதப்பட்ட அச்சொல்லை மதிப்போம். எழுதப்படாதிருந்தால் வெளிப்படையாகக் கேட்போம். நம் இல்லங்களில் இவ்வொழுக்கம் நிலைபெறுவதாக.